மார்ஜரிக்கு எத்தனை வயது?

இங்கிலாந்தை ஆண்ட ட்யூடர் குலத்தில் பிறக்காத ஒரு மன்னன் பிறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பெயர் ரோலண்ட். கஜானா காலி, வீரம் அதைவிடக் காலி. தாயில்லாத மகள் மார்ஜரியைக் காட்டியே மூன்று நாடுகளோடு சம்பந்தம் பேசினான் அந்த மானங்கெட்டவன்.

அங்கே திருச்சபைச் சட்டம் இப்படி: பன்னிரண்டு வயது நிரம்பும்வரை பெண் தகப்பன் பொறுப்பு, அதுவரை அவள் சொன்ன கல்யாணச் சம்மதம் செல்லாது. நிரம்பியபின் சொன்னது சாகும்வரை கட்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் குடிகார இளவரசனுக்கு, "மகளுக்குப் பன்னிரண்டு நிரம்பிவிட்டது" என்று சத்தியக் கடிதம் கொடுத்தான் ரோலண்ட். போன ஆண்டு பிரான்சின் கிழட்டு மன்னன் படை தருவதாக ஆசை காட்டினான். உடனே, "இப்போதுதான் நிரம்பியது, முன்பு சொன்னது குழந்தைப் பேச்சு" என்று இன்னொரு சத்தியம். கிழவன் நேரில் வரவில்லை. வழக்கப்படி அவனுக்குப் பதிலாக ஒரு தூதன் காலுறையைக் கழற்றி, மணமகளின் கட்டிலை வெறுங்காலால் தொட்டான். கல்யாணம் முடிந்தது! மார்ஜரி கண்ட ஒரே புருஷன் மயிரடர்ந்த அந்தக் கால்தான்.

போன மாதம் ஸ்பெயின். மாப்பிள்ளைக்கு மூக்கொழுகும் வயது. "இந்த மாதம்தான் நிரம்பியது" என்று மூன்றாவது சத்தியம். மூன்று முறையும் பட்டினி போட்டுத்தான் மகளைத் தலையாட்ட வைத்தான். அவள் பிறந்த நாள் எழுதிய கோயில் ஏட்டைத் தன் கையாலேயே கிழித்து நெருப்பிலும் போட்டான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. மூன்று நாட்டுத் தூதர்களும் பெண்ணை அழைத்துப்போக ஒரே நாளில் வந்து நின்றார்கள். தீர்ப்புச் சொல்ல வந்த பேராயர் மூன்று கடிதங்களையும் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இளவரசியே சொல்லட்டும். உனக்கு என்ன வயதம்மா?"

"போன மாதம் பன்னிரண்டு என்று சொல்லித் தொலை" என்று பல்லைக் கடித்தான் ரோலண்ட்.

மார்ஜரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பதினைந்து என்றால் குடிகாரன். பதின்மூன்று என்றால் கிழவன். அப்பன் சொன்னதைச் சொன்னால் ஸ்பெயின். பதினொன்று என்றால் மறுபடி அப்பன் வீட்டுப் பட்டினி.

நால்வரிடமிருந்தும் தப்ப அவள் என்ன வயது சொல்லியிருப்பாள்?

விடை: "இன்று காலையில்தான் பன்னிரண்டு நிரம்பியது" என்றாள். நேற்றுவரை சொன்ன மூன்று சம்மதமும் செல்லாது. இன்றுமுதல் தகப்பனுக்கும் அதிகாரம் இல்லை. "பொய்! பச்சைப் பொய்!" என்று குதித்தான் ரோலண்ட். பேராயர் அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்படியானால் அவள் பிறந்த நாள் எழுதிய ஏட்டைக் கொண்டுவா" என்றார்.