இல்லை என்று கேட்டுப் போனவர்கள்

ரத்த வங்கியின் சர்வர் மறுபடி திணறியது. எந்த வகை ரத்தம் எங்கே இருக்கிறது என்று சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகள் எல்லாம் கேட்பது அதனிடம்தான். காலையில் லேசாக இருக்கும் அதன் மெமரி, சாயங்காலத்துக்குள் கழுத்துவரை நிரம்பிவிடும். அப்புறம் யார் கேட்டாலும் பதில் வராது. பிரசவ அறையிலிருந்து பேசிய நர்ஸ் போனிலேயே அழுதுவிட்டாள்.

அதைப் பார்த்துக்கொள்ளும் குமரவேல் சர்வரை அணைத்து மறுபடி போட்டார். அதற்கு மூச்சு வந்தது. நர்ஸுக்குப் பதிலும் போனது.

"நாளைக்கும் இதே கதிதான் மேடம். எங்கேயோ மெமரி ஒழுகுது. பிடிபட மாட்டேங்குது."

ஜெசிந்தா அவரைவிட இளையவள். நாற்பதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்தவருக்கு அவள்தான் குரு.

"வாங்க, டீ குடிக்கலாம்" என்றாள்.

கேன்டீனில் நல்ல கூட்டம். "என் நாற்காலியைப் பார்த்துக்கோங்க, வந்துடறேன்" என்று போனவள் போனவள்தான்.

ஒருவர் வந்து நாற்காலியைத் தொட்டார்.

"ஆள் வருது."

"அப்பலேர்ந்து வருதே, எந்த ஊர்லேர்ந்து வருது?"

குமரவேல் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காலில் கட்டோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். குமரவேல் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஜெசிந்தாவின் நாற்காலிமேல் கை வைத்தபடி நின்றார். டீ ஆறி ஆடை கட்டியது.

ஜெசிந்தா வந்தாள். "இதைக் கொடுத்திருக்கலாமே?"

"வரேன்னீங்க. வரலைன்னு சொல்லலையே."

தான் சொன்னது அவர் காதிலேயே திரும்ப விழுந்தது. அவர் முகம் மாறியது. டீயைத் தொடாமல் சர்வர் அறைக்கு நடந்தார்.

தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தார். ரத்தம் உண்டு என்று பதில் வந்தால், கேட்டவருக்காகத் திறந்த இணைப்பை அது மூடிவிடும். இல்லை என்று வந்தால் மூடச் சொல்லி அவர் எழுதவே இல்லை.

சர்வரைப் பார்த்தார். கேட்டுவிட்டுப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஒன்றின் கீழ் ஒன்றாக, திரை கொள்ளாமல், எல்லாம் திறந்தபடி. தனக்கு மூச்சு முட்டியும் ஒருவர் இடத்தையும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

விடுபட்ட வரியை எழுதினார்.

"ஒழுகுதுன்னு சொல்லிட்டேனே மேடம். இத்தனை பேரையும் ஏன் வச்சிருக்கு?"

பின்னாலேயே வந்து நின்ற ஜெசிந்தா திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"உண்டுன்னு பதில் கேட்டவங்க நிம்மதியா போயிட்டாங்க. இல்லைன்னு கேட்டவங்களைத்தான் அதால விட முடியல."