கருவாயன் போன வழி

அன்னைக்கு மலையடிவாரத்துல நின்னவங்க யார் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். அப்புறம் கணக்கு தப்புச்சுன்னு என்னைக் கேக்கக் கூடாது. கல்யாணப் பொண்ணு ராக்காயி ஒண்ணு. அவ அம்மா ரெண்டு. சீர்ப் பெட்டியைத் தலையில வச்சிருந்த தாய்மாமன் பரமன் மூணு. நாயனக்காரர் நாலு, தவில்காரர் அஞ்சு. வழி காட்டறேன்னு வந்து நின்ன வீரணன் ஆறு. கூப்பிட்டதுக்காக வந்துட்டு ஒரு ஓரமா புளியமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன உப்புக்கார ஒச்சப்பன் ஏழு. ஆக ஏழு பேர். நாய் இல்லை.

நாயை எதுக்குச் சொல்றேன்னா, கேளுங்க.

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். ஒச்சப்பன் இந்தப் பக்கத்து உப்பை அந்தப் பக்கம் கொண்டு போய் வித்துட்டு, அங்கேருந்து தினையும் கடுக்காயும் வாங்கிட்டு வருவார். அவருக்கு முன்னால அவரோட நாய் போகும். உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் கறுப்பு, அதனால பேரு கருவாயன். கருவாயன் முன்னால, ஒச்சப்பன் பின்னால. போறப்பவும் அப்படித்தான், வர்றப்பவும் அப்படித்தான், மழை கொட்டினாலும் அப்படித்தான். பாதி வழியில கட்டுச்சோத்தை அவிழ்த்து அவருக்கு ஒரு கை, அதுக்கு ஒரு கை. அது தன் பங்கைத் தின்னுட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மரியாதையா வேற பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும். வால் மட்டும் நிக்காம ஆடும்.

இப்படிப் பதிமூணு வருஷம். போன கார்த்திகையில கருவாயன் வயசாகிச் செத்துப் போச்சு. அதுக்கப்புறம் ஒச்சப்பன் மலைப்பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. உப்பு மூட்டை வீட்டு மூலையிலேயே கிடந்து தண்ணி விட்டுக் கசிஞ்சுது.

ராக்காயிக்கு அந்தப் பக்கத்து ஊர்ல மாப்பிள்ளை. மறுநாள் விடியக்காலம் முகூர்த்தம். ஆத்துல வெள்ளம் வந்து சுத்துவழி முழுகிப் போச்சு. மாப்பிள்ளையோட அத்தை, "நேரத்துக்குப் பொண்ணு வரலைன்னா என் மகளை மணையில உக்கார வச்சிருவேன்"ன்னு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தா. இனி மலை ஒண்ணுதான் வழி.

வீரணன் சொன்னான், "நான் கூட்டிட்டுப் போறேன். சீர்ப் பெட்டியில பாதி எனக்கு."

"பாதியா? ஏம்ப்பா, மாப்பிள்ளை நீயா அவனா?"ன்னார் பரமன்.

"வேண்டாம்னா இந்த உப்புக்காரரோட போங்க. நாய் பின்னால நடந்த மனுஷன். நாயும் போச்சு, வழியும் போச்சு."

ராக்காயி நேரா ஒச்சப்பன்கிட்டப் போய், "பெரியப்பா, நீங்க வாங்க"ன்னா.

ஒச்சப்பன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னார், "அவன் சொல்றது நிஜம் தாயி. நான் வழியைப் பாத்ததே இல்ல. கருவாயன் வாலைத்தான் பாத்துக்கிட்டு நடந்தேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. ராக்காயி சிரிக்கல. "கருவாயன் எங்கெங்க நின்னான், என்ன பண்ணினான், அது தெரியுமா?"

"அது எப்படித் தெரியாமப் போகும்? ராத்திரி பகல் அதைத்தானே நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"அது போதும், வாங்க"ன்னுட்டா.

வீரணனுக்குக் கோபம்னா கோபம். "செத்த நாய் பின்னால போங்க. நான் முன்னாடியே போய், பொண்ணு ஓடிப் போச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்றேன் பாருங்க"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு ஏறினான். அவனுக்கும் பாதி மலை வரைக்கும்தான் வழி தெரியும். அதை அவன் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அப்புறம் இவங்க ஆறு பேரும் ஏறினாங்க. கொஞ்ச தூரம் போனதும் பாதை ரெண்டாப் பிரிஞ்சுது. ஒச்சப்பன் நின்னார். தோளைச் சொறிஞ்சார். "என் கருவாயன் இங்க என்ன செய்வான்?"னார்.

கண்ணை மூடி யோசிச்சுட்டுச் சொன்னார், "இங்க ஒரு பாறையில காலைத் தூக்குவான். மத்தப் பாறையை மோந்துகூடப் பாக்க மாட்டான். நான் மூட்டையோட நின்னுக்கிட்டு 'வாடா'ன்னு கத்துவேன், அவனுக்கென்ன, சாவகாசமா வருவான்." சிரிக்காதீங்க, நாய்னா அப்படித்தான். "அந்தப் பாறை நத்தை மாதிரி முதுகு வளைஞ்சு இருக்கும்"னார். இடது பக்கம் அதே மாதிரி ஒரு பாறை இருந்துச்சு. இடது பக்கமே போனாங்க.

அப்புறம் அகலமான நிழல் பாதை ஒண்ணு வந்துச்சு. ஒச்சப்பன் நின்னார். தோளைச் சொறிஞ்சார். "என் கருவாயன் இங்க என்ன செய்வான்?"னார்.

"இங்க வாலை இடுக்கிக்கிட்டு முள்ளுக்குள்ள புகுந்து சுத்திப் போவான். ஏன்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் வேட்டி கிழியும், ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டுவேன்."

"தேர் போற மாதிரி வழி கிடக்கு, முள்ளுக்குள்ள போகச் சொல்றீங்களே, என் நாயனம் என்னத்துக்காகும்?"னு நாயனக்காரர் முனகினார்.

"நாயனத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வாருமய்யா"ன்னார் தவில்காரர். அவர் தவிலுக்கு முள்ளு குத்தாதா, அதையும் மறந்துட்டுச் சொன்னார்.

முள்ளுக்குள்ள பாதி தூரம் போயிருப்பாங்க, "ஐயோ, அம்மா!"ன்னு ஒரு சத்தம். வீரணன் நிழல் பாதையில நேரா போயிருக்கான். அங்க மருதமரத்துல பானை தண்டிக்குக் கதண்டுக் குளவிக்கூடு. கதண்டு கொட்டினா சும்மா விடுமா? வீரணன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்த வழியே கீழ பாத்து ஓடினான் பாருங்க ஓட்டம்! உதடு ரெண்டும் வீங்கி எட்டு நாளைக்குக் கஞ்சிகூட இறங்கல, அப்புறம் பொய் எங்கேருந்து வரும்?

ஒச்சப்பன் மட்டும் முள்ளுக்குள்ளேயே நின்னுட்டார். "இதுக்குத்தானாடா? சொல்லத் தெரியலையேடா உனக்கு"ன்னார். ராக்காயியோட அம்மா, "நடங்கண்ணே, பொழுது போகுது"ன்னு மெல்லச் சொன்னா.

அப்புறம் உச்சிக்கு வந்தாங்க. வந்தா, பனிமூட்டம். கையை நீட்டினா கை தெரியல. பாறைக்கு நடுவுல மூணு சந்து இருக்கு. ஒண்ணு வழி, மத்த ரெண்டும் பள்ளம். ஒச்சப்பன் நின்னார். தோளைச் சொறிஞ்சார். "என் கருவாயன் இங்க என்ன செய்வான்?"னார். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டார்.

"இங்க அவன் ஒண்ணும் செய்ய மாட்டான் தாயி. எனக்கு முன்னால ஓடி வந்து, நான் வர்றனான்னு திரும்பிப் பாத்து உக்காந்திருப்பான். நான் மூச்சு வாங்கிக்கிட்டு வருவேன். இப்ப நான் வந்துட்டேன், பாக்கறதுக்கு ஆள் இல்ல."

பரமன் பெட்டியை இறக்கி வச்சார். விடியறதுக்குள்ள போகலைன்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும்.

ராக்காயி பக்கத்துல உக்காந்து, "அவன்கிட்ட வந்ததும் நீங்க என்ன செய்வீங்க, பெரியப்பா?"ன்னு கேட்டா.

"நானா? காதை நேராக்கி விடுவேன். பின்னால இருந்து அடிக்கிற காத்துல ரெண்டு காதும் முன்னால மடங்கிக் கண்ணை மறைச்சுக்கிட்டு நிக்கும். அவனுக்குச் சரி பண்ணிக்கத் தெரியாது. நான் வந்து..."

அங்கேயே நிறுத்திட்டார். எழுந்திரிச்சார். முதல் சந்துல முகத்தை வச்சுப் பாத்தார், காத்து இல்ல. ரெண்டாவது சந்துல வச்சுப் பாத்தார், காத்து இல்ல. மூணாவது சந்துல வச்சதும் தலைத்துண்டு பறந்து பின்னால விழுந்துச்சு. அவர் கை தன்னால கீழ போச்சு, முழங்கால் உயரத்துக்கு. அங்க ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வச்சிருந்தார். அப்புறம், "இதான் வழி, வாங்க"ன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாப்பிள்ளை ஊர் வந்து சேர்ந்தாங்க. தவில் சத்தம் கேட்டதும் அந்த அத்தை தன் மகளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டா.

பந்தி வைக்கிறவர் வந்து, "மலையேறி வந்தவங்களுக்குத்தான் முதல் பந்தி. எத்தனை பேர்?"னு கேட்டார்.

"ஆறு"ன்னார் ஒச்சப்பன்.

"ஏழு"ன்னா ராக்காயி.

பரமன் எல்லாரையும் ஒரு தடவை பாத்துட்டு, "ஏழுதான். மச்சானுக்குக் கணக்கு வராது"ன்னார். நாயனக்காரரும், "ஏழு போடுங்க"ன்னார். ராக்காயி நகர்ந்து உக்காந்து, ஒச்சப்பனுக்குப் பக்கத்துல இடம் விட்டா.

பொய் சொல்லப் போனவன் வாய் வீங்கித் திரும்பினான், நேரத்துக்கு வந்த பொண்ணு விடிஞ்சதும் மணையில உக்காந்தா, நம்ம கதையும் மலை இறங்கி வந்தாச்சு. சாப்பிட்டவங்க ஆறு பேர். விரிச்ச இலை ஏழு. மிச்சம் ஒண்ணு.