பானெட்டை மூடும் கை

கும்பகோணத்தில் யூசுப் பாயின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த காரின் பானெட்டை யார் மூடுகிறாரோ, அந்தக் கார் அவர் பொறுப்பு. வழியில் நின்றாலும் புகைந்தாலும் திட்டு அவருக்குத்தான். எல்லாக் கார்களையும் பாயே மூடினார்.

அஞ்சலாட்சிக்கு நாற்பத்தொரு வயது. பாய் அவளைவிட ஆறு வயதுதான் மூத்தவர். புருஷன் விட்டுப்போன வாடகைக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அதைப் பழுது பார்க்கக் கற்று, அங்கேயே தங்கிவிட்டாள். ஒன்பது வருஷம். ஒரு முழு எஞ்சினைப் பிரித்துக் கோத்துவிடுவாள். ஒரு பானெட்டை மூடியதில்லை.

அன்று காலை கேட்டேவிட்டாள்.

"பாய், நான் எப்ப மூடறது?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து, இரண்டு முறை இருமி, தானாகவே அணைந்தது.

கோதண்டத்தின் கார். எண்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி. கல்யாண ஊர்வலத்துக்காகவே கூரையை அறுத்து எடுத்தது. ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அதில் ஏறி இறங்கியவர்கள்.

"ஸ்லோவுல ஓட மாட்டேங்குது பாய்," என்றார் கோதண்டம். "ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தா ஆஃப் ஆயிடுது. சாயங்காலம் என் அக்கா பையனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரத்துக்குப் பின்னாடி நடை வேகத்துல போகணும். நடுத்தெருவுல மாப்பிள்ளைய இறக்கி வண்டியத் தள்ளச் சொன்னா, சம்பந்தி வீட்டுல காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பாங்க."

"ஸ்லோ ஸ்குருவைத் திருகி ஏத்திப் பாத்தீங்களா?"

"போன வாரம் நானே ஏத்தினேன். அப்புறம் பிடிச்சு நிறுத்த முடியல. தவில்காரர் முதுகுல போய் முட்டிச்சு. மனுஷன் கையில கோலோட என் பக்கம் திரும்பிட்டார். அன்னிக்கே இறக்கிட்டேன்."

பாய் அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

"நீ பாரு."

அவள் பானெட்டைத் திறந்தாள். கார்புரேட்டரிலிருந்து, பெட்ரோல் பாயும் சிறிய ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். மயிரிழைத் துளை, அடைப்பு இல்லை. மாட்டிவிட்டுக் காரைக் கிளப்பினாள். எஞ்சின் உதறியது, நொண்டியது, அடங்கப் பார்த்தது. அவள் கை ஸ்குருவுக்குப் போனது. அரைச் சுற்று ஏற்றினால் ஓடும். சாயங்காலம் வரையாவது ஓடும்.

"ஏத்தினா யார் வருவா?" என்றார் பாய்.

"தவில்காரர்," என்றாள். கையை எடுத்துக்கொண்டாள்.

ஆயில் கேனை எடுத்து, கார்புரேட்டர் அடியில் உட்காரும் இடத்தைச் சுற்றித் துளித்துளியாக விட்டாள். முன்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒரு துளி விழுந்ததும் நொண்டல் நின்றது. நாலு மூச்சுக்கு எஞ்சின் சீராக ஓடியது. எண்ணெய் உள்ளே போனதும் மறுபடி நொண்டியது.

"இங்க காத்து இழுக்குது பாய். பேக்கிங் போயிருக்கு."

போல்ட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டரைத் தூக்கினாள். காற்றுப் புகாமல் அடைக்க அடியில் இருந்தது கடையில் விற்கும் கறுப்புப் பேக்கிங் இல்லை. கெட்டி அட்டை. ஒரு மூலை சுருங்கி மேலே எழும்பியிருந்தது. பெட்ரோலில் ஊறிய மஞ்சளில், தங்க எழுத்தில் ஒரு சொல் மட்டும் மிச்சம்: சுபமுகூர்த்தத்தில்.

கோதண்டம் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"கல்யாணப் பத்திரிகையவா வெட்டி வெச்சிருக்கான்? திருவாரூர்ல ஒருத்தன்கிட்ட ஒருதடவை விட்டேன். அந்தப் பய வேலையாத்தான் இருக்கும்."

அஞ்சலாட்சி அட்டையைத் திருப்பினாள். இடது போல்ட்டுக்கான துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவள் கத்தரிக்கோல் எப்போதும் அந்த இடத்தில்தான் வழுக்கும். போன தை மாசம், முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்பேர் கடை பூட்டியிருந்தது. பத்திரிகை இதே சீட்டில் கிடந்தது. மறுநாள் மாற்றிவிடலாம் என்று வெட்டி வைத்தாள். மறுநாளும் போனது, மாசங்களும் போயின.

திருவாரூர்க்காரன் வந்து மறுக்கப்போவதில்லை. சொல்லிவிட்டாலோ, காலையில் கேட்ட கேள்வியை இனி எந்த முகத்தோடு கேட்பது?

"அவர் இல்லங்க," என்றாள். "நான் வெட்டினது. கடை இல்லேன்னு அவசரத்துக்கு வெச்சேன். மாத்த மறந்துட்டேன்."

கோதண்டத்தின் சிரிப்பு நின்றது.

"ஏம்மா, அப்ப அந்தத் தவில்காரர்கிட்ட நான் வாங்கினதெல்லாம்..."

"மூடினது நான்," என்றார் பாய். "திட்டு எனக்கு."

"உங்களுக்குத் தெரியாது பாய்."

"தெரியாம மூடினேன். அது இன்னும் பெரிய தப்பு."

அஞ்சலாட்சி கறுப்புப் பேக்கிங் ஷீட்டை எடுத்தாள். கார்புரேட்டரின் அடிப்பாகத்தை அதன்மேல் வைத்து, ஓரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி அச்சு எடுத்தாள். வெட்டினாள். நாலு துளைகளையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நாலும் வட்டம். பூட்டினாள். கோதண்டம் ஏற்றி இறக்கிய ஸ்குருவை அதன் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

கார் கிளம்பியது. தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல், ஓடியது. கோதண்டத்துக்கு நம்பிக்கை வரவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் அவரைக் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது பாய் இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றிருந்தார். இந்த ஒன்பது வருஷத்தில் டீ அவரைத் தேடித்தான் வந்திருக்கிறது. அவர் போய் அவள் பார்த்ததில்லை.

"மூடும்மா, பூ அலங்காரம் பண்ணணும், நேரமாச்சு," என்றார் கோதண்டம்.

"பாய் வரட்டும்."

விளிம்புவரை நிறைந்த இரண்டு கிளாஸ்களோடு பாய் மெதுவாகத் தெருவைக் கடந்து வந்தார். காரின் முன்னால் நின்று, தலை சாய்த்து, கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்டார்.

"மூடுங்க பாய்," என்றாள்.

"ரெண்டு கையிலயும் டீ இருக்கே."

"ஒண்ண இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

பாய் கிளாஸை நீட்டவில்லை.

"மூடிட்டு வந்து வாங்கிக்க."