வாளித் தண்ணீரில் ஒரு பேரம்

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. வருகிற மூவரும் நல்லவர்கள். அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினம்.

பாம்பன் பக்கத்தில் சில பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். படகை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பாறையாகப் பிரிந்து போவார்கள். காற்று திடீரென்று திரும்பினால் படகில் இருப்பவள் கூவி அழைப்பாள். தூரத்தில் இருப்பவளுக்கு அலை இரைச்சலில் அது கேட்காது. போன பருவத்தில் அப்படி ஒருத்தியை நீரோட்டம் இழுத்துப் போய், மறுநாள் ஒரு தீவின் கரையில் உயிரோடு கண்டெடுத்தார்கள். அதன்பின் பெண்கள் எல்லோரும் கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்த்தார்கள். படகில் ஒன்று, தூரத்துப் பாறைக்குப் போகிறவளிடம் ஒன்று என, நனைந்தாலும் கெடாத வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்குவது என்று முடிவு.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு மாநாட்டில் பேச அவர்களில் இருவருக்கு அழைப்பு வந்தது. ஒருத்தி இருளாயி, அவர்களுக்குத் தலைவி. மற்றவள் ஞானசீலி, வயதில் இளையவள், பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. "வரும்போது வாங்கிட்டு வந்துருங்க" என்று பெண்கள் பணத்தை இருளாயியிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

மாநாடு முடிந்தது. மாலை ரயிலைப் பிடிப்பதற்குள் இருவரும் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குள் நுழைந்து கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கட்டுப்படியான விலையில் இருந்ததெல்லாம் நனைந்தால் போய்விடும் ரகம். நனைந்தாலும் கெடாத ரகத்தின் விலையோ அவர்கள் பணத்துக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது. வாங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாக ஏறிய கடையில், கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில், அட்டைப் பெட்டி இல்லாமல் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி கிடந்தது. கடைக்காரர் தணிகைவேல் ஒளிக்காமல் சொன்னார்.

"இது திரும்பி வந்த சரக்கும்மா. தண்ணி உள்ள போயிடுச்சுன்னு ஒருத்தர் குடுத்துட்டுப் போனார். இப்ப பேசுது. மறுபடி நனைஞ்சா தாங்குமான்னு எனக்குத் தெரியாது. பாதி விலைக்குத் தரேன். வாங்கினா வாங்கினதுதான்."

"தண்ணியில முக்கிப் பாத்துக்கவா, அண்ணே?" என்று கேட்டாள் ஞானசீலி.

தணிகைவேல் சிரித்துவிட்டார். "தாராளமா. ஆனா செத்துட்டா பாதி விலையைக் குடுத்துட்டு நீங்களே எடுத்துட்டுப் போயிடணும்."

"பொழைச்சா?"

"அப்பவும் அதே விலைதான்."

இருளாயி அவள் கையைப் பிடித்தாள். "ஊருப் பணம்டி, சீலி."

"செத்துப்போச்சுன்னா ஊருப் பணத்தைத் தொட வேணாங்கா. இந்தத் தோட்டை வித்து நான் கட்டிர்றேன்." காதிலிருந்த தோடுகளைக் கழற்றி இருளாயியின் உள்ளங்கையில் வைத்தாள். அவளிடம் இருந்த தங்கம் அவ்வளவுதான்.

பக்கத்து டீக்கடையில் வாளி நிறையத் தண்ணீர் வாங்கி வந்தார்கள். ஞானசீலி இரண்டையும் அடிவரை அமுக்கிப் பிடித்தாள். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக ஊறவிட்டு எடுத்து, உதறி, ஒன்றை இருளாயியிடம் கொடுத்துவிட்டு அவள் தெருமுனை வரை நடந்தாள்.

"அக்கா, கேக்குதா?"

கணீரென்று கேட்டது. கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார்.

தணிகைவேல் ஈரம் சொட்டும் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு குறையும் இல்ல. இது தெரிஞ்சிருந்தா முழு விலைக்கே போயிருக்கும்" என்றார், வருத்தமில்லாமல். "ஆமா, இவ்வளவு பாடுபட்டு வாங்குறீங்களே, எதுக்கும்மா?"

இருளாயி கடலைப் பற்றிச் சொன்னாள். இழுத்துப் போகப்பட்டவளைப் பற்றியும் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"காசே வேணாம்மா. உசிரு காக்கிற பொருள். என் கடையிலிருந்து போனதா இருக்கட்டும்."

இருளாயிக்கு அது பொறுக்கவில்லை. "சும்மா வாங்க நாங்க வரலை அண்ணே. குறை இருக்குன்னு நினைச்சுத்தானே பாதி சொன்னீங்க? குறை இல்லைன்னு ஆயிருச்சு. முழு விலையையும் எடுத்துக்குங்க." சேர்த்த பணம் மொத்தத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஞானசீலி இருவரையும் பார்த்தாள். மேசைமேல் இருந்த பணத்தில் சொன்ன பாதி விலையை மட்டும் எண்ணி அவர் பக்கம் தள்ளினாள். மீதியை இருளாயியின் கையில் திணித்தாள். "சொன்ன விலை இதுதான். இதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

ஒருவர் இலவசமாகத் தர நின்றார். ஒருத்தி முழு விலை தர நின்றாள். ஒருத்தி சொன்ன விலையில் நின்றாள். ரயிலுக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது.

மூவரிடமும் மானத்துக்குக் குறைவில்லை. இவர்களில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: ஞானசீலி செய்ததே சரி. தணிகைவேலின் மனம் பெரியது. ஆனால் பெண்கள் பணம் சேர்த்தது வாங்குவதற்கு. தானம் பெற யாரும் அவர்களை அனுப்பவில்லை. இருளாயியின் நேர்மையும் பெரியதுதான். ஆனால் அவள் அள்ளி வைத்தது பலரின் கூலி. அதில் தாராளம் காட்டும் உரிமை அவள் ஒருத்திக்கு இல்லை. செத்தாலும் பிழைத்தாலும் இதே விலை என்று பேசி முடித்த பிறகுதான் கருவி தண்ணீருக்குள் போனது. கெட்டிருந்தால் நஷ்டம் ஞானசீலியின் தோட்டுக்கு. அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்த லாபத்தை யாரும் பிச்சையாகவும் ஆக்கக்கூடாது, கடனாகவும் ஆக்கக்கூடாது. தணிகைவேலும் அதை ஒப்புக்கொண்டு, எழுந்து நின்று இரண்டு கைகளாலும் பணத்தை வாங்கிக்கொண்டார். மிச்சப் பணத்தில் பெண்கள் மிதவைச் சட்டைகள் வாங்கினார்கள். கரையில் அந்த மஞ்சள் கருவிகளைப் பார்த்து, "யாரு குடுத்தது?" என்று கேட்பவர்களுக்கு அவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "யாரும் குடுக்கல. நாங்க வாங்கினோம்."