கொப்பரைக்குள் சூடு பொறுக்கியவன்

ஒரு காலத்தில் வேங்கைநாட்டைச் சிங்கமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் எண்ணெய் தேய்த்துவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாது. எண்ணெய் போக வெந்நீர், கடைசியில் தலைக்குப் பச்சைத்தண்ணீர், அதுதான் அவர் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை வேலைக்காரன் இரண்டையும் ஒரே கொப்பரையில் கொட்டிவிட்டான். ராஜா கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு.

"பிரித்துக் கொடு" என்றார்.

அவன் திருதிருவென்று முழித்தான். கூட நின்ற வச்சிரபாகு என்ற சபைக்காரனுக்கு மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாய்க் கண்.

"சூடு எங்கே போய்விடும் மகாராஜா, கொப்பரைக்குள்தானே கிடக்கிறது. மந்திரி மருதவாணர் பெரிய புத்திசாலியாயிற்றே, பிரிக்கட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தை என்னிடம் கழற்றித் தரட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. கொப்பரை சபைக்கு வந்தது. ராஜாவும் எண்ணெய் வழிய வந்து உட்கார்ந்தார்.

மருதவாணர் கொப்பரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சபையில் வலப்பக்கத்தாருக்குச் சிவப்புத் தலைப்பாகை, இடப்பக்கத்தாருக்கு வெள்ளை. அத்தனையையும் கூடையில் போட்டுக் குலுக்கச் சொன்னார்.

"கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுங்கள். சிவப்பெல்லாம் வலப்பக்கமே வந்துவிட்டால் தண்ணீரையும் பிரித்துத் தருகிறேன்."

எடுத்தார்கள். கலந்துதான் வந்தது. மறுபடி குலுக்கினார்கள், மறுபடியும் அதேதான். சேனாதிபதியின் தலைப்பாகை பண்டிதரின் மூக்குவரை இறங்கிவிட்டது. ராஜா சிரித்த சிரிப்பில் எண்ணெய் கண்ணில் போய்விட்டது.

"கலந்து கிடக்கக் கோடி வழி, பிரிந்து நிற்க ஒரே வழி மகாராஜா" என்றார் மருதவாணர். "தண்ணீரும் பொடிப்பொடித் துகள்தான். வேகமாய் ஓடினால் சூடு, மெல்ல நடந்தால் குளிர். இடித்து இடித்து வேகத்தைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. தானாய்ப் பிரியட்டுமென்று காத்திருந்தால் உங்கள் கொள்ளுப்பேரன்கூடக் குளிக்க முடியாது."

"கண்ணைத் திறந்து எடுக்கவிட்டால் நொடியில் பிரிப்பேனே" என்றான் வச்சிரபாகு.

"அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்" என்றார் மருதவாணர். " இறங்கிப் பொறுக்குங்கள் ஐயா. ஓடுகிற துகள் ஒருபக்கம், நடக்கிற துகள் ஒருபக்கம்."

ராஜா தலையாட்டினார். வச்சிரபாகு பட்டு வேட்டியோடு கொப்பரைக்குள் இறங்கினான். இத்தனை நேரத்தில் இருந்த வெதுவெதுப்பும் போயிருந்தது.

"ஓடுகிறது ஒன்றாவது அகப்பட்டதா?" என்றார் ராஜா.

பல் கிடுகிடுக்கச் சொன்னான்: "இதற்குள் சூடாய் இருப்பது நான் ஒருவன்தான் மகாராஜா. அதையும் இந்தத் தண்ணீர் உறிஞ்சுகிறது."

"அப்போ மோதிரம் மந்திரி விரலிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி, ராஜா தன் முத்துமாலையையும் கழற்றி மருதவாணர் கழுத்தில் போட்டார். "வேறு வெந்நீர் வையுங்கள். இனிமேல் அடுப்பு ஊதுவது வச்சிரபாகு வேலை."

பதவி போய் அடுப்படிக்குப் போனவன் முகத்தில் துளி வருத்தம் இல்லையாம். ஓட்டமாய் ஓடினானாம்.