தென்னைக்கு அடியில் கிடந்த சாட்சி

புயல் சாய்த்த தென்னைகளுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதிகாரி எப்படியும் தட்டிக்கழிப்பார் என்று சந்தேகித்த வேம்பாயி, விழுந்த மரம் ஒன்றையும் அப்புறப்படுத்தாமல் காத்திருந்தாள். அவள் நினைத்தபடியே வருவாய் ஆய்வாளர் ஞானசுந்தரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இந்தப் பக்கம் காத்தே அடிக்கலையே! பணத்துக்காக நீயே தள்ளிவிட்டிருப்ப. காத்துதான் தள்ளுச்சுங்கிறதுக்கு யாரு சாட்சி?"

"சாட்சி மரத்துக்கு அடியில படுத்திருக்காருங்க ஐயா."

வேரோடு சாய்ந்த தென்னையின் கீழே, அவருடைய அலுவலகத்தின் தகரப் பெயர்ப்பலகை நசுங்கிக் கிடந்தது.

"காத்து அடிக்கலைன்னா, ஆத்துக்கு அந்தாண்ட இருந்த உங்க பலகை இங்க நடந்தா வந்துச்சு?"

ஆய்வாளரின் பேனா திறந்தது.

"எத்தனை மரம்மா?"

எழுதி முடித்ததும் பலகையைக் கேட்டார்.

"பணம் வரட்டுங்கய்யா. அதுவரைக்கும் சாட்சி இங்கேயே படுத்திருக்கட்டும்" என்றாள் வேம்பாயி.