முதல் துண்டுக்கு வணக்கம்

கல்லூரி இணையதளத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் வரவேற்பு எழுதியவர் துறைத்தலைவர் ஞானதிரவியம். தளத்துக்கு வருபவர் தட்டும் பெயரை இடைவெளியில் வெட்டி, முதல் துண்டுக்கு வணக்கம் சொல்லும் நிரல் அது. ஆங்கிலப் பாடநூலில் அப்படித்தான் இருந்தது.

“நம்ம ஊர்ப் பேருக்கு இது ஒத்துவராது, சார்,” என்றாள் தற்காலிக உதவியாளர் தமயந்தி.

“என் நிரல்ல கைவைக்காம தப்பை நிரூபி. முடியலேன்னா வேலையை விட்டுப் போயிடு.”

இணையதளத் தொடக்க விழாவில் தமயந்தி மைக்கைப் பிடித்தாள். “முதல் வணக்கம் நம்ம சாருக்கே!”

அவரும் பெருமையோடு ‘ம. ஞானதிரவியம்’ என்று தட்டினார்.

‘வணக்கம், ம.!’ என்றது பெரிய திரை. அவரை விட்டுவிட்டு, அவருடைய தந்தை பெயரின் முதலெழுத்தை வரவேற்றிருந்தது.

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் தலை கவிழ்ந்தது.

“நீயே திருத்திடும்மா,” என்றார் மெல்ல. “முதல்ல அந்தத் திரையை அணை.”